பதினோராம் மாடிக்கு எந்த லிஃப்ட்

ரெசிஃபே, பிரேசில்,
ஜூன் 19, வியாழன்

அன்புள்ள செகுண்டாவுக்கு,

நீயும் லுசிண்டாவும் காய்ச்சல் எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. இதை போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் குரலைக் கேட்டால் பாதியை விழுங்கிவிடுவேன். மீதியை உன் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள். பிசாவுக்கு விடுமுறைக்கு வரும் ஒரு மாணவனிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்து அனுப்புகிறேன்.

இங்கே ஒரு வாரமாக மழை. பஸ் நிற்கும் இடத்தில் முழங்கால் வரை தண்ணீர். புனித ஜான் திருவிழா மாதம் என்பதால் எந்தத் தெருவில் நடந்தாலும் சோளம் வேகும் வாசனை. என்னோடு அடுக்குமாடி வாசலில் காவல் வேலை பார்க்கும் எரோனில்டோ, "உங்க ஆப்பிரிக்காவுல சோளம் உண்டா, இல்ல சிங்கத்தைத்தான் வேக வைப்பீங்களா?" என்று தினமும் கேட்கிறார். சிங்கம் வேக நேரமாகும், அதனால் சோறுதான் என்று சொன்னேன். அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இருவரும் ஆகஸ்டில் வர முடியாமல் போகலாம். காரணம் நான்.

எங்கள் கட்டடத்தில் இரண்டு லிஃப்ட். முன்பக்கம் இருப்பது கண்ணாடி பதித்தது, வரவேற்பறை பக்கம் திறக்கும். பின்பக்கம் இருப்பது குப்பைக்கும் சாமான்களுக்கும், சமையலறைக் கதவு பக்கம் திறக்கும். யாரையும் பாகுபடுத்தக் கூடாது என்று சட்டமே சுவரில் தகடாகத் தொங்குகிறது. அந்தத் தகட்டைத் துடைப்பது என் வேலைகளில் ஒன்று. வேலையில் சேர்ந்த அன்று குடியிருப்போர் சங்கத் தலைவி டோனா ஹெலொய்சா என்னிடம், "வேலைக்கு வர்றவங்களை பின்னாடி அனுப்பிடு குயின்டினோ. யார் யாருன்னு போகப் போக உனக்கே தெரிஞ்சிடும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மூன்றே வாரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

போன சனிக்கிழமை நாலாம் மாடிக்காரர் கடலிலிருந்து வந்தார். ஈர நாய், கால் நிறைய மணல். முன் லிஃப்ட் கதவை நானே பிடித்துக்கொண்டு நின்றேன். அவருக்குப் பின்னால் ஒரு பெண் வந்தார். ரப்பர் செருப்பு, ஒரு கையில் வாளி, இன்னொரு கையில் துடைப்பம். நம் நிறம். நான் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை. "அக்கா, வேலைக்கு வர்றவங்களுக்கு அந்தப் பக்கம்" என்று கை காட்டினேன்.

அவர் கத்தவில்லை. வாளியைக் கீழே வைத்தார். "எந்த ஊரு தம்பி?" என்று கேட்டார். பிசாவ் என்றேன். "அங்கயும் ரெண்டு லிஃப்ட்டா?" என்றார். எங்கள் வீதியில் லிஃப்ட்டே இல்லை அக்கா என்றேன். "அப்ப இங்க வந்துதான் படிச்சிருக்கே. நல்லாத்தான் படிச்சிருக்கே" என்று சொல்லிவிட்டு, பதினோராம் மாடிச் சாவியை என் மேசையில் வைத்துக் காட்டினார். பல் டாக்டர். பெயர் எடிலெனே. வீட்டை வாங்கி இரண்டு வாரம் ஆகிறது, குடிவரும் முன் தானே கழுவலாம் என்று வந்திருக்கிறார்.

திங்கட்கிழமை அவர் புகார் கொடுத்தார். என் மேல் இல்லை, கட்டட நிர்வாகத்தின் மேல். அன்று மாலையே டோனா ஹெலொய்சா எனக்குக் காபி கொண்டுவந்தார். இந்த வேலையில் சேர்ந்த பதினான்கு மாதத்தில் முதல் தடவை. கூடவே ஒரு காகிதம். நான் வெளிநாட்டுக்காரன், இந்த ஊர் வழக்கம் தெரியாமல் நானாகவே செய்தேன், யாரும் அப்படிச் சொல்லவில்லை என்று அதில் இருந்தது. "நீ நம்ம வீட்டுப் பையன் மாதிரி. கையெழுத்து போடு, வேலைக்கு ஒண்ணும் ஆகாது. உன் குடும்பம் வர்றதுக்குச் சம்பளச் சான்று கேட்டியே, அதையும் சேர்த்தே குடுத்துடறேன்" என்றார். எரோனில்டோவும் அதையேதான் சொன்னார். "போட்டுடுடா. பத்தொன்பது வருஷமா நான் வாயைத் திறந்ததில்ல, பாரு, பல்லு எல்லாம் அப்படியே இருக்கு" என்றார்.

ஊர் வழக்கம் தெரியாமல் செய்தேனாம். தெரிந்ததால்தான் செய்தேன். கறுப்பு என்ற சொல்லை என்னிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லாமலே என் கண்ணைப் பழக்கிவிட்டார்கள், நானும் சம்பளம் வாங்கிக்கொண்டு பழகிவிட்டேன். உன்னை முகம் தெரியாதவளாக நினைத்துப் பார்த்தேன். லுசிண்டாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நீ அந்த வாசலில் நுழைந்திருந்தால், உனக்கும் அதே கையைத்தான் காட்டியிருப்பேன்.

நேற்று டாக்டரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். மணி அடித்துவிட்டு நின்றேன். கதவு திறந்தபோதுதான் பார்த்தேன், உள்ளே அடுப்பும் பாத்திரமும். பின் லிஃப்ட்டில் ஏறி வந்து சமையலறைக் கதவைத் தட்டியிருக்கிறேன். அவர் என் சீருடையையும் என் முகத்தையும் பார்த்தார். "உன்னையும் நீயே அனுப்பிட்டியா தம்பி?" என்றார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. உட்காரச் சொல்லி ஒரு தட்டில் சோளக் களி வைத்தார். அதன் பிறகுதான் மன்னிப்புக் கேட்டேன்.

இன்று காலை அந்தக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கையெழுத்து இருக்கிறது. ஆனால் அவர்கள் எழுதியதை அடித்துவிட்டு, அடியில் யார் சொன்னார்கள், எந்த நாளில் சொன்னார்கள், நான் எத்தனை பேரைப் பின்னால் அனுப்பினேன் என்று எழுதினேன். எண்ணிக்கை தெரியவில்லை, நிறையப் பேர் என்று போட்டேன். டோனா ஹெலொய்சா காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார். திங்கட்கிழமைக்கு மேல் எனக்கு வேலை இருக்குமா என்று தெரியாது. சான்று கிடைக்காது. டாக்டர் தனக்குத் தெரிந்த இடத்தில் எனக்கு வேலை கேட்டுப் பார்ப்பதாகச் சொல்கிறார். அதை நம்பி, இன்ன மாதம் வரலாம் என்று நான் உனக்குச் சொல்ல மாட்டேன்.

உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய். அதில் தப்பும் இல்லை. மூன்று வருஷமாகக் குழந்தையோடு தனியாக இருப்பவள் நீ.

லுசிண்டாவிடம் ஆகஸ்ட் என்று இனி சொல்லாதே. அப்பா கூப்பிடுவார் என்று மட்டும் சொல். என்னைத் திட்டி எழுது, எவ்வளவு வேண்டுமானாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன்,
குயின்டினோ