பத்தாவது ஆள்

ஜனவரி 11, 2023 – பர் துபாய்

பெரியப்பா டொரொன்டோவிலிருந்து மறுபடியும் ஃபோன் எடுத்தார். அப்பாவின் ஆட்டைத் திவசத்தை, முதலாம் வருஷத் திவசத்தை, தன் மகன் தாரகன் அங்கிருந்தே செய்வாராம். ஐயர் இங்கே மந்திரம் சொல்ல, அண்ணா வீடியோவில் எள்ளும் தண்ணீரும் இறைப்பார். ஃபோனைத் தேங்காயில் சாய்த்து வைத்தால் போதுமாம்.

ஒரே பிள்ளை நான் இங்கேதானே இருக்கிறேன் என்றேன்.

"பொம்பிளைப் பிள்ளையள் தர்ப்பை போடுறேல்லை, கஜா." அம்மா இதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

எங்கே எழுதியிருக்கிறது? தேடினேன். இரண்டு விதமாகவும் எழுதியிருக்கிறது.

ஜனவரி 14

வளைகுடாவில் யூதர் வாழ்ந்த இடங்களைப் பார்க்க அலுவலகத் தோழி ரீனா ஒரு பயணம் ஏற்பாடு செய்திருக்கிறாள். லண்டனில் வளர்ந்த யூதப் பெண். அவள் அம்மா பஹ்ரைனில் பிறந்தவர். இன்று ராஸ் அல் கைமா அருங்காட்சியகத்தில் ஒரு பழைய கல்லறைக் கல். இன்னார், இன்னாருடைய மகன் – அவ்வளவுதான் எழுத்து. குடும்பப் பெயர் இல்லை. எங்களைப் போலவே, தன் பெயரும் தகப்பன் பெயரும். யாராக இருந்திருப்பான்? வியாபாரியா? கல்லை வெட்டச் சொன்னது யார்? மகனா, மகளா?

வேனில், எங்களோடு வந்த பக்கத்து ஃபிளாட் கல்யாணசுந்தரம் அங்கிள் திருச்சியில் தான் நடத்திய கும்பாபிஷேகத்தைப் பற்றி வழி முழுக்கப் பேசினார். அவர் மனைவி பிரபாவதி ஆன்ட்டி நிம்மதியாகத் தூங்கினார்.

ஜனவரி 20 – மனாமா, பஹ்ரைன்

மத்தியானம் யூதர் இடுகாடு. ரீனாவின் அம்மாவை அடக்கியது இங்கேதான். ஹீப்ரூ நாட்காட்டிப்படி இன்று மாலை அவருடைய ஆண்டு நாள் தொடங்குகிறது. ரீனாவும் அண்ணன் சைமனும் பூ வைக்கவில்லை; ஆளுக்கொரு சிறு கல் வைத்தார்கள். பூ வாடும், கல் இருக்கும் என்றாள். பிரபாவதி ஆன்ட்டி உள்ளே வரவில்லை. நம்ம பக்கம் பொம்பளைங்க போறதில்லம்மா என்று கேட்டிலேயே நின்றுவிட்டார். நான் போனேன். அப்பாவை எரித்த இடத்துக்கு என்னை விடவில்லை.

மாலையில் சந்தைத் தெருவிலுள்ள யூதர் ஜெபாலயம். வாசலில் நாங்கள் தமிழர் எல்லோரும் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டோம். காவலாளி பதறிப்போய், போட்டுக்கொண்டே வாருங்கள் என்று கைகாட்டினார். கோயிலுக்குள் செருப்போடு! கால் கூசியது. எங்களில் ஆண் என்பதால் அங்கிளுக்கு மட்டும் தலையில் குட்டித் தொப்பி.

தாய்க்காகச் சைமன் ஒரு பிரார்த்தனை சொல்ல வேண்டும். அதற்குப் பத்து யூத ஆண்கள் வேண்டுமாம். ஒன்பது பேர்தான் இருந்தார்கள். வாசலைப் பார்த்துக் காத்திருந்தோம். இங்கே மிஞ்சியிருக்கும் குடும்பங்களே சில.

அங்கிளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "நான் வேணா நிக்கிறேனே, ரீனாகிட்ட சொல்லும்மா. பத்து ஆயிடும்ல? அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

"எங்க போனாலும் உங்களுக்குக் கமிட்டி மெம்பர் ஆயிடணும்," என்றார் ஆன்ட்டி.

ரீனாவிடம் சொன்னேன். சிரித்து, அங்கிளைப் பார்த்து நெஞ்சில் கைவைத்து நன்றி சொன்னாள். முடியாது என்றாள்.

யாரும் வரவில்லை. சைமன் புத்தகத்தை மூடினான்.

அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். அங்கே யூதர்கள் பத்துப் பேர் இருந்தார்கள். பத்தாவது ஆள் ரீனா. இறந்தவரின் சொந்த மகள்.

ஹோட்டலுக்கு நடக்கும்போது கேட்டேன். சில சபைகளில் பெண்ணையும் எண்ணுவார்களாம், இங்கே வழக்கமில்லையாம். கோபம் வராதா?

"வருகிறது. சைமன் பத்துப் பேர் கிடைக்கிற ஊர் தேடுவான். நான் அறைக்குப் போய் நானே சொல்லிக்கொள்வேன். செல்லுமா என்று மட்டும் கேட்காதே."

கேட்கவில்லை. ஆனால் எனக்குத் தெரிய வேண்டும் – செல்லுமா? யாருக்குச் செல்ல வேண்டும்?

ஜனவரி 22 – பர் துபாய்

செருப்புக் கதைக்கு அம்மா நல்லாச் சிரிச்சா. ரீனா கதைக்குச் சிரிக்கவில்லை. துணி மடித்துக்கொண்டே, "அந்தப் பெட்டை அறைக்குள்ள தனியவோ சொன்னவள்?" என்று கேட்டா.

ஓம் என்றேன்.

அடுத்த துணியை எடுத்து மடித்தா.

ஜனவரி 26

திவசத்தை நான் செய்யட்டுமா என்று அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் அழுதிடுவன்.

ஜனவரி 29

அம்மா பெரியப்பாவோடு கதைப்பது, நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குக் கேட்டது. இங்கே ஃபோன் செயலி போட்டிமில் கோல் அடிக்கடி அறுந்து போகுதாம், திவசம் அரைகுறையாகப் போகக் கூடாதாம், தாரகனை அலைக்கழிக்க வேண்டாமாம். "இங்க ஆள் இருக்கு, அத்தான்."

நேற்று இதே போட்டிமில் லண்டன் சித்தியோடு ஒரு தடவைகூட அறாமல் கதைச்சவா.

பிப்ரவரி 5

திவசத்துக்கு ஐயர் வந்து, செய்வது யார் என்று கேட்டார். அம்மா என் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னா. ஐயர் நட்சத்திரத்தை இன்னொரு தரம் கேட்டு உறுதிப்படுத்தினார். பிறகு பாயைக் காட்டினார்.

அவர் கொண்டுவந்த தர்ப்பை மோதிரம் ஆம்பிளை விரல் அளவுக்கு முடிச்சுப் போட்டது. என் விரலிலிருந்து கழன்று விழுந்தது. அம்மா அதை எடுத்து, முடிச்சை அவிழ்த்து, என் கையை மடியில் வைத்துக்கொண்டு சின்னதாக முடிஞ்சுவிட்டா.