எரிமலைக்கு முப்பத்தொரு பக்கம்

ஏப்ரல் 3

மழை. எரிமலை பற்றிய என் உரையில் பக்கம் இருபத்தேழு முடிந்தது. பதினெட்டாம் தேதி சாந்தியாகோ மாணவர்கள் எங்கள் தீவுக்கு வருகிறார்கள். அவர்களை ரானோ காவு எரிமலை விளிம்பில் நடத்திப் போக எங்கள் வகுப்பிலிருந்து ஒருவர்தான். ஒன்று நான், இல்லை பெரியம்மா மகன் தூகி. என்னிடம் இருபத்தேழு பக்கம்; அவனிடம் வாய் மட்டும். எனக்கு இது வேண்டும். ரொம்ப வேண்டும்.

ஏப்ரல் 9

ஒத்திகை நடை. விளிம்பில் ஏறியதும் படிக்கத் தொடங்கினேன். முதல் பக்கம் விதிகள்: எரிமலைப் பள்ளத்துக்குள் ஒரு துண்டுத் தாள்கூட விழக் கூடாது. நான்காம் பக்கத்தில் டீச்சர் கல்மேல் உட்கார்ந்தார். ஆறில், ஊரிலிருந்து கூடவே வந்த நாய்கள் தூங்கிவிட்டன. ஒன்பதில் காற்று. முப்பத்தொரு பக்கமும் பறந்தன, பள்ளத்துப் பக்கமாக.

"விதித் தாளே முதல்ல உள்ள போயிடுச்சு" என்றான் தூகி. டீச்சரும் சிரித்தார். டீச்சருமா?

ஏப்ரல் 10

தூகி.

ஏப்ரல் 11

எரிமலைப் பூங்காவின் காவலரான தவாகே சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தார். யார் போட்ட குப்பை என்று துப்பறிய அவசியமில்லை. ஒவ்வொரு தாளின் அடியிலும் என் பெயர், வகுப்பு, பக்க எண். நானே அழகாக எழுதியவை.

"முப்பத்தொண்ணும் என் கைக்கு வரணும்டி. மழை விட்டதும் எறங்குவோம். பதினெட்டு."

பதினெட்டா? அதே நாளா?

ஏப்ரல் 18

பள்ளத்தின் உட்சரிவு. கொய்யாப் புதர்களில் என் தாள்கள், துணி காயப்போட்ட மாதிரி. முழங்கால்வரை சேறு. விளிம்பில் பேச்சுச் சத்தம். தூகியின் குரல்.

"அதோ புதருக்குள்ள நிக்கிறாளே, அவதான் இந்த மலையைத் தூங்க வைக்கிறவ. தினம் படிச்சுக் காட்டுவா. அவ படிச்சா எதுவும் முழிச்சிருக்காது."

முட்டாள். அணைஞ்சுபோன எரிமலை தூங்காதுடா! பதினோராம் பக்கத்துல தெளிவா எழுதியிருக்கேன். கத்தத்தான் நிமிர்ந்தேன். மேலே இருபது தலைகள், எல்லாம் என்னையே பார்த்தபடி. நான் படிக்கப்போவதற்கு இதுவரை யார் காத்திருந்தார்கள்? கையில் இருந்தது ஒன்பதாம் பக்கம். ஒத்திகையில் நின்ற வரியிலிருந்து உரக்கப் படித்தேன். உள்ளே காற்றே இல்லை.

முடித்ததும் ஒரு பெண் மேலிருந்து கேட்டாள்: "தூங்கிடுச்சா?"

"இன்னும் இல்ல" என்றேன். பொய்தான் — அடுத்த தாளை எடுத்தேன்.

வாழை நிழலில் சித்தி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 19

எண்ணிப் பார்த்தால் முப்பது. பதினாறாம் பக்கம் இல்லை: கடல் எப்படி மலைச்சுவரைக் கடித்தது என்கிற பக்கம். சித்தி விடமாட்டார்.

ஏப்ரல் 20

தூகி வந்தான். சட்டைப்பையிலிருந்து எட்டாக மடித்த தாள், எம்பனாடாப் பலகாரத்தின் எண்ணெய்க் கறையோடு. பக்கம் பதினாறு. ஒத்திகையன்றே தாவிப் பிடித்தானாம்.

"இந்த ஒண்ண உருப்போடவே நாலு நாளாச்சு. எவ்ளோ நீளமா எழுதுற நீ."

பதினெட்டாம் தேதி அவன் பேசியதில் டீச்சர் பாராட்டியது அந்தப் பகுதியைத்தான்.

மே 6

நாளை வால்பரைசோ மாணவர்கள். தூங்க வைக்கிறவள் இருப்பாளா என்று முன்கூட்டியே கேட்டு எழுதியிருக்கிறார்கள். வழிகாட்டிப் பட்டியலில் இரண்டு பெயர்: தூகி மேலே, நான் கீழே. சித்தி ஒரே ஒரு தாளுக்குத்தான் அனுமதி தந்தார். கூடவே, அதன்மேல் வைக்க ஒரு கல்லும் தந்தார்.