மூடி திறக்காத மோர்

கும்மிடிப்பூண்டி
திங்கட்கிழமை காலை

அன்பு மகன் அன்புராஜுக்கு அம்மா அஞ்சம்மாள் எழுதுவது. நானும் உன் தங்கச்சி நர்மதாவும் நல்லபடியாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க மனசு வரவில்லை. ஓசூரில் கம்பெனி கேட் முன்னால் நாலு நாளாகப் பட்டினி கிடப்பவனை என்னவென்று கேட்பது. போன் போட்டால், "அழுதுக்கினே இருக்காதம்மா, வெச்சிட்றேன்" என்கிறாய். அதனால்தான் அப்பாவோடு இரும்பு மில்லில் வேலை பார்த்த ஸ்டீபன் மாமாவிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

நீ பார்க்கச் சொன்ன புரட்சிப் படத்தை நேற்று நர்மதாவோடு போய்ப் பார்த்தேன். அப்பா கதை மாதிரியே இருக்கும் என்றாயே, அதற்காகத்தான் போனேன். பாதியிலேயே வெறுத்துப்போச்சு. பத்து நாள் சாப்பிடாதவன் முகம் பவுடர் பூசிப் பளபளவென்று இருக்கிறது. "அந்தாளு பல்லு இன்னா வெள்ளையா கீது பாரும்மா" என்றாள் உன் தங்கச்சி. சாகும்போதும் ஒரு பாட்டு. அவன் பெண்டாட்டி ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் கொடியை வாங்கிப் பிடிக்கிறாள். பின்சீட்டில் ஒருத்தன் விசில் அடித்தான். அவன் வாயிலேயே ஒன்று போடலாம் போல இருந்தது.

மில் கேட்டில் தண்ணிகூடத் தொடாமல் பட்டினி கிடந்த உன் அப்பா அப்படிச் சாகவில்லை. உன்னைப் பொதட்டூர்பேட்டையில் அத்தை வீட்டில் விட்டிருந்தேன், நீ பார்க்கவில்லை. நாக்கு வெடித்துப்போச்சு. கிட்டே போனால் அழுகின பழ நாற்றம். விக்கல் நிற்கவே இல்லை. சினிமாவில் நாற்றம் எங்கே தெரியப்போகிறது. படத்தில் அவன் செத்ததும் கேட் திறக்கிறது. இங்கே அப்பா செத்த மூன்றாம் நாளே மில்லில் ஷிப்டுக்குச் சங்கு ஊதினான். மாவீரன் என்று அப்பா முகம் போட்டு வைத்த பேனர், மழைக்கு யாரோ வீட்டு ஆட்டுக் கொட்டகைக் கூரையானது.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அப்பா பட்டினி கிடந்த ஆறாம் நாள் தூக்குப் பாத்திரத்தில் மோர் கரைத்துக்கொண்டு பந்தலுக்குப் போனேன். அப்பா தூக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கை கொஞ்சம் நீண்டது. அதற்குள் கூட இருந்தவர்கள், "அண்ணியே வந்துக்கீறாங்க பாருடா, எங்க அண்ணன் அசைவாரா" என்று கைதட்டி, எனக்கும் ஒரு மாலை போட்டார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. மூடியைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் மூன்று நாள்தான் இருந்தார்.

காண்டிராக்ட் பிள்ளைகளுக்கு வேலை நிரந்தரமாக வேண்டும் என்று நீ கேட்பது நியாயம்தான். நின்று கேள். ஜெயிலில் போட்டாலும் நான் வந்து பார்க்கிறேன். ஆனால் சாப்பிட்டுவிட்டுக் கேள்.

அதே தூக்கில் உப்புப் போட்டு மோர் அனுப்பியிருக்கிறேன். அங்கே வருவதற்குள் புளித்துவிடும், ஆனாலும் குடி. யார் எவ்வளவு கைதட்டினாலும் மூடியைத் திறந்துவிட வேண்டும் என்று ஸ்டீபன் மாமாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

பேரும் புகழும் இல்லாமல் நீ நூறு வயசு இருக்க வேண்டும், சாமி. தூக்கு காலியாகத் திரும்பி வரட்டும்.

உன் அம்மா
அஞ்சம்மாள்