ஆஜரும் முன்னறை ஜன்னலும்

மார்ச் 3, செவ்வாய்

ஆஜர் இன்று சோற்றைத் தொடவில்லை. தட்டுச் சத்தம் கேட்டால் வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் ஓடிவந்து நிற்கிற நாய். அதனால்தானே அந்தப் பெயரே வைத்தேன். இன்று தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, வேறு யாருக்கோ வைத்த சாப்பாடு மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

சாயங்காலம் மஞ்சளாக வாந்தி. இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "வெயிலுக்கு இருக்கும்" என்றார். இவருக்கு எல்லாமே வெயிலுக்குத்தான்.

எனக்கு உறுத்துவது வேறு. எதிர் வீட்டு பஸ் டிரைவர் போன மாதம் சொன்னது. "டீச்சர், விடிகாலை ட்யூட்டி எனக்கு. மத்தியானம் ரெண்டு மணி நேரம்தான் தூக்கம். உங்க நாயைக் கொஞ்சம் அடக்கி வைங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பரீட்சை ஹாலில் முப்பது வருஷம் நடந்தவள் நான். அதிகமாகச் சிரிக்கிற பையனின் சட்டைக் கைக்குள்தான் பிட் இருக்கும். அன்றிலிருந்தே முன்னறை ஜன்னலைத் தூக்கித் திறந்து அவர் வாசலை அவ்வப்போது பார்த்து வருகிறேன்.

மார்ச் 4, புதன்

மறுபடியும் வாந்தி. இரண்டு தடவை.

மார்ச் 6, வெள்ளி

தெருக்கோடி நாய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டாக்டரம்மா சின்ன வயசு. வயிற்றை அமுக்கியதும் ஆஜர் முனகினான். "கண்டதைத் தின்னிருப்பான். மருந்து தர்றேன், பார்ப்போம்" என்றார். அப்புறம், "வெளிய யாராவது ஏதாவது போடுறாங்களா?" என்று கேட்டார்.

கேட்டாரே! நானாகச் சொல்லவில்லை, அவராகவே கேட்டார்.

வீட்டுக்கு வந்தால் கேட்டுக்கு உள்பக்கம் ஒரு பிஸ்கட் துண்டு. நாங்கள் வாங்குகிற பிஸ்கட் இல்லை. இவரிடம் காட்டினேன். "பிஸ்கட்டுதானே?" என்றார். ஆமாம், பிஸ்கட்டுதான். அதற்குள் என்ன என்பதுதான் கேள்வி.

இனி ஆஜரை வெளியே விடப்போவதில்லை. முன்னறை ஜன்னலுக்குக் கீழே பழைய போர்வையை மடித்துப் போட்டுவிட்டேன். வீட்டிலேயே பத்திரமான இடம் அதுதான். அவனும் என் கண் முன்னால் இருப்பான், எதிர் வீடும் இருக்கும்.

மார்ச் 8, ஞாயிறு

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்த ஜன்னல் ஒரு தொல்லை. வீட்டுக்கு எழுபது வயதாவது இருக்கும், இவருடைய சித்தப்பா விட்டுப்போனது. சட்டத்தை மேலே தூக்கித் திறக்கிற அந்தக் கால மாதிரி. ஒவ்வொரு தலைமுறையும் பழைய பெயிண்ட்டின் மேலேயே புதிதாக அடித்து வைத்ததில் சட்டம் தடித்து, தூக்கும்போது இரண்டு பக்கமும் உரசிக் கீச்சென்று கத்துகிறது. மூடியே பார்க்கலாமென்றால் கண்ணாடி மங்கல், எதிர் வீட்டுப் படி கூடத் தெரியாது.

ஆஜருக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டது. கீச்சென்றால் நான் அங்கே இருக்கிறேன் என்று அர்த்தம். தள்ளாடியாவது வந்து காலடியில் படுத்துக்கொள்கிறான்.

டிரைவர் 1.40க்கு வந்தார். 2.10க்கு வாசலுக்கு வந்து நம் வீட்டைப் பார்த்தார். 2.25க்கு மறுபடியும். தூங்கப் போகிறவருக்கு இங்கே என்ன பார்வை? இன்று ஜன்னலைத் தூக்கியது பதினான்கு தடவை. தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கிறது.

மார்ச் 10, செவ்வாய்

நாற்காலிக் காலில் முட்டிக்கொண்டான். வாயில் ஒன்றுமே இல்லாமல் எதையோ மெல்லுகிறான். கூப்பிட்டால் வேறு பக்கம் பார்க்கிறான்.

வெளியே விடவில்லை. வேறு யாரும் சோறு போடவில்லை. இவ்வளவு காவல் காத்தும் எப்படி? எந்த வழியாக உள்ளே வருகிறது? இன்று பதினாறு தடவை.

மார்ச் 11, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்!

ஜன்னல் விளிம்பில் வெள்ளைத் தூள். காலையில் பெருக்கித் தள்ளினேன், மத்தியானம் மறுபடியும் இருக்கிறது. போர்வையிலும் இருக்கிறது. ஆஜரின் முன்னங்காலிலும் ஒட்டியிருக்கிறது, அதை அவன் நக்கிக்கொண்டிருக்கிறான். தானாக எங்கிருந்து வரும்? நான் அடுப்படிக்குப் போகிற நேரம் பார்த்துத் தெருவிலிருந்து தூவுகிறார்கள்.

ஒரு தாளில் வழித்துப் பொட்டலம் கட்டி, மேலே தேதியும் நேரமும் எழுதிவிட்டேன். பிட் பிடித்தால் இப்படித்தான் கட்டித் தலைமை ஆசிரியரிடம் கொடுப்பேன். ஒரு பையனாவது தப்பியதில்லை.

மார்ச் 12, வியாழன்

இவர் கேட்டருகே டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம். ஜன்னலைத் தூக்கினேன், இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார்கள்.

உள்ளே வந்ததும் கேட்டேன். "சும்மாதான்" என்றார்.

"சும்மாவா பத்து நிமிஷம்?"

"சொன்னா நீ சண்டைக்குப் போவ. விடு."

ஆஜரைக் குட்டியாக வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர் இவர். அது இப்போது ஏன் ஞாபகம் வருகிறது? முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியவரைப் பற்றி இப்படி எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் இன்றைக்கு மாத்திரையை இவர் கையில் கொடுக்கவில்லை. நானே கொடுத்தேன்.

மார்ச் 13, வெள்ளி

காலையில் வலிப்பு. எழுத வரல. காலெல்லாம் விறைச்சு, வாயில நுரை தள்ளி — கண்ணு திறந்தே இருக்கு, என்னைத் தெரியல அவனுக்கு. ஐயோ, என் தங்கமே, உனக்கு யாருடா இதைச் செஞ்சாங்க?

இவர் போர்வையோடு அள்ளிக்கொண்டு செருப்பில்லாமல் ஓடினார். ஓடும்போதே அழுதார். அழுகிறவரைப் பார்த்துக்கொண்டே சந்தேகப்பட என் ஒருத்தியால்தான் முடியும்.

ஊசி போட்டு, ரத்தம் எடுத்து, அங்கேயே வைத்துக்கொண்டார்கள். நான் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தேன். "இதுதான் விஷம். போட்டவர் எதிர் வீட்டு டிரைவர். எழுதிக்கோங்க" என்றேன். இவர் தலையில் கை வைத்துக்கொண்டார். டாக்டரம்மா பிரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதை டெஸ்டுக்கு அனுப்புறேன்" என்றார். அனுப்பட்டும். கையும் களவுமாக மாட்டட்டும்.

மார்ச் 14, சனி

பழக்க தோஷத்தில் அவன் தட்டை எடுத்து வைத்துவிட்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

காரீயம்.

"அவன் ரத்தத்துல காரீயம் ஏறியிருக்கு. உங்க பொட்டலத்திலயும் அதேதான்" என்றார் டாக்டரம்மா.

"பார்த்தீங்களா!" என்று இவர் பக்கம் திரும்பினேன். என் குரலில் சந்தோஷம் இருந்தது. அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

"யாரும் தூவல டீச்சர். இது பழைய பெயிண்ட். அந்தக் காலத்துல காரீயம் கலந்துதான் செய்வாங்க. ஜன்னல் சட்டம் உரச உரசப் பொடியா உதிரும். நாய் அதுமேல படுத்து, காலை நக்கினா நேரா வயித்துக்குள்ள. நாள்பட்டுக் கொஞ்சம் கொஞ்சமா ஏறியிருக்கும், இந்த மாசம்தான் ரொம்ப அதிகமாயிருக்கு. அந்த ஜன்னலை அடிக்கடி திறப்பீங்களா?"

இவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பவாவது" என்றேன்.

பிழைப்பானா என்று கேட்டேன். காரீயத்தை வெளியே இழுக்கிற மருந்து கொடுக்கிறார்களாம், இன்னும் நாலைந்து நாள் போனால்தான் சொல்ல முடியுமாம். எங்கள் இரண்டு பேரையும் ரத்தம் சோதிக்கச் சொன்னார். தூளைப் பெருக்கக் கூடாது, பறக்கும், ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டுமாம். நான் தினம் இரண்டு வேளை பெருக்கினேன்.

மார்ச் 18, புதன்

இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். எல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது. ஜன்னலைத் தூக்கியது, தூள் உதிர்ந்தது, அவன் வந்து படுத்தது, நக்கியது. வேறு யாராவது எழுதியிருந்தால் மூன்றாவது பக்கத்திலேயே பிடித்திருப்பேன்.

எழுதி வைத்தவற்றைக் கூட்டினேன், எழுதாத நாளுக்கு உத்தேசமாகப் போட்டேன். ஒரு வாரத்தில் கிட்டத்தட்ட தொண்ணூறு தடவை. ஒவ்வொரு தடவையும் சத்தம் கேட்டு என்னிடம்தானே வந்தான். நான் கூப்பிட்டதாகத்தானே அவன் நினைத்தான். பாவி நான்.

மார்ச் 20, வெள்ளி

டிரைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அடுப்படிக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றேன். அப்படியும் கேட்டது.

"நாய் குரைக்கிறது பழகிடுச்சு சார். ஒரு பிஸ்கட் போட்டா நிறுத்திடுவான், அவனும் நானும் சிநேகமாயிட்டோம். அந்த ஜன்னல் சத்தம்தான் தூக்கத்துல தூக்கிவாரிப் போடும். அன்னிக்குக்கூட எண்ணெய் போடச் சொல்லிக் கேட்டேனே."

அந்தப் பத்து நிமிஷம் இதுதானா?

"ஜன்னலை மாத்துற வரைக்கும் அவன் என் வீட்டுல இருக்கட்டும் சார். என் வீடு புதுசு, பெயிண்ட்டும் புதுசு."

பொட்டலத்தைப் பற்றி இவர் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காபி போட்டு இவரிடம் கொடுத்தனுப்பினேன். நான் வெளியே போகவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

ஆஸ்பத்திரியிலிருந்து போன். தட்டுச் சத்தத்துக்குத் தலையைத் தூக்கினானாம். இவரைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

மார்ச் 26, வியாழன்

ரத்தச் சோதனை வந்தது. இவருக்கு ஒன்றுமில்லை. எனக்குக் கொஞ்சம் அதிகம், பயப்படும்படி இல்லை. ஜன்னலடியில் நின்றவள் நான்தானே.

ஏப்ரல் 2, வியாழன்

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆஜர் எதிர் வீட்டில் இருக்கிறான். இவர்தான் கொண்டுபோய் விட்டார், தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறார். பார்வை இன்னும் தெளியவில்லையாம், நன்றாகச் சாப்பிடுகிறானாம். நான் இன்னும் போகவில்லை. எந்த முகத்தோடு போவேன்?

இன்று மத்தியானம் ஜன்னலைக் கழற்ற ஆட்கள் வந்தார்கள். தரையெல்லாம் பிளாஸ்டிக் விரித்து, சட்டத்தைத் தண்ணீரால் நனைத்தார்கள். என்னை வாசலுக்குப் போகச் சொன்னார்கள். ஒருவர் சட்டத்தைப் பிடித்துக் கடைசியாக ஒரு தடவை மேலே தூக்கினார். கீச்சென்றது.

எதிர் வீட்டுப் படியில் படுத்திருந்தவன் எழுந்துவிட்டான். காதை நிமிர்த்தி, சத்தம் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பி, வாலை ஆட்டினான். ஒரு படி இறங்கினான். கழுத்தில் கட்டியிருந்த கயிறு இழுத்தது. என் காலடிக்கு வரப் பார்க்கிறான்.

செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைத் தாண்டினேன்.

டிரைவர் கதவைத் திறந்து வந்தார். கன்னத்தில் தலையணைத் தடம். "என்ன டீச்சர், இவ்வளவு தூரம்?" என்று சிரித்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

நாற்காலி எடுக்க உள்ளே போகப் பார்த்தார். வேண்டாமென்று படியிலேயே உட்கார்ந்தேன். ஆஜர் என் கையை முகர்ந்து பார்த்துவிட்டுக் காலடியில் படுத்துக்கொண்டான். பொட்டலத்திலிருந்து ஆரம்பித்தேன்.