சங்கக்கடைச் சுவரில் நீலக் கோடுகள்

என்ரை ஆசை அண்ணை,

நீங்கள் இருக்கிற இடத்தில் ஆமியும் ஹெலிகொப்டரும் இல்லை என்று நம்புகிறேன். இருந்தாலும் இதை நாலு பேர் பார்க்க விரித்து வைத்து வாசிக்க வேண்டாம். இங்கே ஆர் ஆரிடம் என்ன சொல்வார் என்று தெரியாமல் இருந்து பழகிவிட்டேன், அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

உண்மையில் நான் கெட்டுத்தான் போய்விட்டேன். ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தால் ஏன் சிரிக்கிறார் என்று யோசிக்கிறேன். சிரிக்காமல் போனால் அதைவிடக் கூட யோசிக்கிறேன். "உனக்குக் கோழி கொக்கரிச்சாலும் விசாரணைதான்" என்கிறா அம்மா. அவவுக்கென்ன, அவ எல்லாரையும் இருத்தித் தேத்தண்ணி குடுக்கிறா.

ஹெலியிலிருந்து ஆமி சுட்டு நீங்கள் தக்காளிப் பாத்திக்குள் விழுந்த அன்றைக்குச் சண்டிலிப்பாய் ஊர் முழுக்க எங்கள் முற்றத்தில்தான் நின்றது. உங்கள் அமைப்பு ஆட்கள் மட்டும் வரவில்லை. உங்களில் ஒருவர் செத்தால் அன்று மாலைக்குள்ளேயே பெயருக்கு முன்னால் 'தோழர்' என்று சிவப்பில் எழுதி அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டுவீர்களே. எத்தனை பேருக்கு நீங்களே பசை கிண்டியிருப்பீர்கள்? உங்களுக்கு ஒரு துண்டுக் கடதாசி இல்லை. நான் பின்னேரம் முழுக்க வாசல் படலையடியில் நின்று ஒழுங்கையில் ஆராவது வருகிறார்களோ என்று பார்த்தேன், அண்ணை.

காரணம் எனக்குத் தெரியும். அதற்கு முதல் ஆமியின் சுற்றிவளைப்பில் பிடிபட்ட நாலு பேரில் நடராசாவை மட்டும் ஏன் விட்டாங்கள்? இதுதான் அவர்களின் கேள்வி. உங்கள் முகத்துக்கு நேரே ஒருவரும் கேட்கவில்லை, முதுகுக்குப் பின்னால் எல்லாரும் கேட்டார்கள். நீங்களும் ரோசக்காரன், வாயே திறக்கவில்லை.

இப்போது ஊர்ப் புதினத்துக்கு வாறன். போன கிழமை பண்டத்தரிப்பு மாஸ்ரர் வந்தார். உங்களோடு பிடிபட்டுத் தெற்கே முகாமில் கிடந்தவர், விட்டுவிட்டார்கள். மெலிந்து போயிருந்தார், முன்பல் ஒன்றும் இல்லை. பாவமாக இருந்தது. ஆனாலும் ஏன் வந்தார், ஆர் அனுப்பினது என்றுதான் முதலில் நினைத்தேன். கதவை முழுதாகத் திறக்கவில்லை.

"தங்கச்சி, கோவிக்காதேயும். ஒண்டு கேக்கவேணும்" என்றார். "சுவரொட்டிப் பசையிலை மயில்துத்தம் கலக்கிறது எங்கள் நாலு பேருக்குத்தான் தெரியும். வந்த ஆமி நேரை நகத்திலை நீலம் இருக்கோ எண்டுதான் பார்த்தான். நகத்தைப் பார் எண்டு அவனுக்குச் சொன்னது ஆர்?"

எனக்குத் தலைக்குள் ஏதோ விழுந்தது போல இருந்தது. நீங்கள் வந்து சொன்னது, "கையைப் பார்த்தாங்கள், விட்டிட்டாங்கள்" என்பது மட்டும்தானே. நகத்தைத் தேடிக்கொண்டுதான் வந்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

துத்தக் கதை எனக்குத் தெரியும். முதல் முதலாக நீங்கள் ஒட்டின 'ஏழைகளின் பிள்ளைகளைப் போருக்கு அனுப்பாதே' சுவரொட்டியை ஆடுகள் தின்றுவிட்டன. கோதுமை மாப் பசை, ஆட்டுக்குப் புழுகம், ஒரே கொண்டாட்டம். 'ஏழைகளின் பிள்ளைகளை' என்றது மட்டும் மிஞ்சி, மிச்சம் ஆட்டின் வயிற்றுக்குள் போனது. "அரசாங்கத்துக்கு முதல் ஆடு தடை செய்துபோட்டுது" என்று நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். பிறகு தக்காளிக்கு அடிக்க வைத்திருந்த மயில்துத்தத்தில் கொஞ்சத்தைப் பசையில் கலந்தீர்கள். கசப்புக்கு ஆடு வாய் வைக்கவில்லை. நகக்கண்ணில் நீலம் மட்டும் ஏறி இருந்துவிடும். நீலம் போகத் தேசிக்காய்ப் புளி பிழிந்து உரஞ்சச் சொல்லி எல்லாருக்கும் சொன்னீர்கள்.

"நீங்கள் உரஞ்சினனீங்களோ மாஸ்ரர்?" என்று கேட்டேன்.

"வீட்டிலை தேசிக்காய் இருக்கேல்லை. பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நிண்டனான். பேனை மை எண்டு சொன்னன். சட்டைப் பையிலை கிடந்தது திருத்துற சிவப்புப் பேனை."

"அண்ணையைத் தோட்டத்துக்குள்ளை வைச்சுப் பிடிச்சாங்கள். முதுகிலை மருந்தடிக்கிற மெசின். கையெல்லாம் நீலம்தான். தோட்டம் செய்யிற கமக்காரன் எண்டு விட்டாங்கள். இதைக்கூட யோசிக்க ஏலாமல் போச்சோ உங்களுக்கு?"

"அது சரி, பிள்ளை. நகத்தைப் பார் எண்டு சொன்னது ஆர்? அதுதான் என்ரை கேள்வி."

நான் செருப்பைப் போட்டுக்கொண்டு "வாங்கோ" என்றேன். பட்டப்பகலில் அவரைச் சந்திச் சங்கக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தச் சுவரை நான் கூப்பன் சீனிக்கு வரிசையில் நிற்கும் நாளெல்லாம் பார்க்கிறவள். உங்கள் சுவரொட்டியை ஆமி கிழித்து, மேலே வெள்ளையும் அடித்துவிட்டான். ஆனால் பசை வழிந்த இடமெல்லாம் நீலக் கோடு கோடாகச் சுண்ணாம்புக்கு மேலால் கிளம்பி நிற்கிறது. மாஸ்ரர் கேட்கும்வரை எனக்கு அது வெறும் கறைதான்.

"இதைப் பார்த்தவனுக்கு ஆரும் சொல்லவேணுமோ, மாஸ்ரர்?"

அவர் கோட்டைத் தடவினார். விரலைப் பார்த்தார். பிறகு சனம் நிற்கிற இடத்தில் குந்தியிருந்து குழந்தைப் பிள்ளைபோல அழுதார். "முகாமிலை அடி வாங்கேக்கை எல்லாம் நான் நடராசாவைத்தான் திட்டினனான்" என்றார். எனக்கும் அழுகை வந்தது. அவருக்கு முன்னால் அழ விருப்பமில்லாமல் சங்கக்கடைக்குள் போய்விட்டேன்.

இத்தோடு முடிந்தது என்று நினைக்கிறீர்களோ? மாஸ்ரர் போய் அமைப்பில் கதைத்தார். கூட்டம் வைத்தார்கள். முந்தநாள் மாஸ்ரர் வந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு முடிவைச் சொன்னார். சுவரொட்டி போடலாமாம். 'தோழர்' என்று போட ஏலாதாம், விசாரணை முடியவில்லையாம். 'ஆதரவாளர்' என்று போடலாமாம்.

எனக்கு வந்த கோபத்தில், "அந்தச் சொல் இல்லாட்டி ஒரு கடதாசியும் வேண்டாம். அப்பிடி ஒட்டினால் நானே ஆட்டை அவிட்டு விடுவன்" என்றேன். ஏழைகளுக்காக அரசாங்கத்தை எதிர்த்தவர்களுக்கு, செத்த ஒரு கமக்காரனுக்கு ஒரு சொல் கொடுக்க இவ்வளவு பஞ்சியோ, மனம் வரவில்லையோ? இன்றைக்கு விசாரணை முடியவில்லை என்று சொல்கிற வாய்தானோ அன்றைக்கு அந்தக் கதையைக் கிளப்பினது? அதையும் யோசிக்கிறேன்.

மாஸ்ரர் படலை வரை போய்த் திரும்பி வந்தார். கடைசியில், "நான் என்ரை கையாலை எழுதுறன். அவை என்னைக் கலைச்சால் கலைக்கட்டும்" என்றார்.

நாளைக்குக் காலமை, கடை திறக்கிற நேரம், சனம் பார்க்க, அந்த நீலக் கோட்டுக்கு மேலேயே ஒட்டப்போகிறோம். இப்போது ஆமி முகாமுக்குள் அடைந்து கிடக்கிறான். ஆனால் சுவரைப் பார்க்கிறதுக்குத் துவக்குத் தூக்கிக்கொண்டு வேறு இயக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். தங்களைக் கேளாமல் ஒருவரும் ஒன்றும் ஒட்டக்கூடாது என்பது அவர்களின் கட்டளை. அம்மாவுக்கு இதைச் சொல்லவில்லை. எனக்குப் பயம் இல்லை என்று உங்களுக்குப் பொய் சொல்லவும் மாட்டேன்.

மாஸ்ரர் வருவாரோ? சொன்னபடி எழுதிக்கொண்டு வருவாரோ, இல்லாவிட்டால் இன்று பின்னேரம் ஆராவது போய் அவர் மனதை மாற்றிவிடுவார்களோ? எனக்குத் தெரியாது. நான் உங்கள் தங்கச்சி, ஆரையும் முழுதாக நம்பாதவள். அதனால் நானும் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். என் எழுத்து கோணல்தான். 'தோழர் நடராசா' என்று மட்டும் இருக்கிறது.

பசை கிண்டி இறக்கிவிட்டேன். உங்கள் தகரப் பேணியில் மிஞ்சிக் கிடந்த துத்தத்தைத் தட்டிக் கலந்தேன், இப்பவே நகமெல்லாம் நீலம். கொல்லையில் தேசி காய்த்துக் கொட்டுகிறது. சத்தியமாகச் சொல்கிறேன் அண்ணை, ஆர் வந்து கேட்டாலும் கையை நீட்டுவேன். ஒன்றும் போட்டு உரஞ்சமாட்டேன்.

உங்கள் கூடப்பிறந்தவள்,
தோழர் நடராசாவின் தங்கச்சி மலர்