கேசட் கேம் பிடித்த கதை

அன்புள்ள ஆஷ்லி,

குழந்தையை அடக்கம் செய்துவிட்டு வந்து பழைய கேசட் கேம் ஆடினேன் என்றுதானே வையம்பட்டியில் உன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாய். அது எனக்கு எப்படிப் பிடித்தது என்று உன்னிடம் சொன்னதே இல்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. உறையூரில் பக்கத்து வீட்டு சகாயம்மாள் அக்கா என்னை டிவி முன்னால் உட்காரவைத்து, கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தார். “நான் கூப்பிடுற வரைக்கும் விளையாடுப்பா, வெளிய வராத.” எங்கள் வீட்டில் அம்மாவைக் குளிப்பாட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். கேமில் செத்தவன் ஒவ்வொரு தடவையும் எழுந்துவந்தான். அக்கா கூப்பிட்டபோது நான் எழுந்திருக்கவில்லை.

போன மாதமும் எனக்கு அழுகை வரவில்லை. அந்தக் கன்ட்ரோலரைத்தான் எடுத்தேன்.

தொட்டிலை இன்னும் கழற்றவில்லை. தனியாக முடியவில்லை. பஸ் ஏறினால் சொல்லு, ஸ்டாண்டில் வந்து நிற்கிறேன்.

உன் கணவன்