ஏழாவது கேள்வியின் இரண்டு கோடுகள்

அன்புள்ள குட்டிமாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம் என்று ஆரம்பிப்பதுதான் முறை, ஆரம்பித்துவிட்டேன். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்களா. தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ சாப்பிட்டியா என்கிறாய், நான் சாப்பிட்டேன் என்கிறேன், அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது, இது அதில் அடங்காது. வீட்டில் எல்லாம் அப்படியே இருக்கிறது. சமையலறைக் குழாய் சொட்டுகிறது, ஊரெல்லாம் குழாய் பதித்த உன் அப்பாவின் வீட்டில் ஒரு வாஷர் மாற்ற ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். அப்பா போய் நாலு மாதம் ஆகிறது, உங்கம்மா இன்னும் ஒரு சொட்டு அழலைடி என்று பக்கத்து வீட்டு அக்கா உன்னிடம் சொன்னாளாமே, நிஜம்தான். பிடிவாதம் ஒன்றும் இல்லை, வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறது, தொட்டால் வேறு யாருடையதோ போல.

பள்ளிக்கூடத்தில் ஒரு தப்பு செய்துவிட்டேன். மேல் வகுப்பில் கணிதப் பிரிவுக்கு முப்பது பேரை எடுக்க வருஷா வருஷம் பரீட்சை வைப்போம், கேள்வித்தாள் நான்தான் போடுவேன், உனக்குத் தெரியும். அதில் ஏழாவது கேள்வி எப்போதும் என் செல்லக் கேள்வி. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கட்டம் போட்ட படம், ஒவ்வொன்றிலும் ஒரு கோடு, எந்தக் கோட்டின் சாய்வு அதிகம் என்று கேட்பேன். இடது படத்துக் கோடு விறுவிறுவென்று மேலே ஏறும், வலது படத்தில் சோம்பலாகப் படுத்திருக்கும். ஆனால் வலது படத்தில் மேல்நோக்கி ஒரு கட்டம் என்றால் ஐந்து, இடது படத்தில் ஒன்றுதான். கணக்குப் போட்டால் இடது கோட்டின் சாய்வு இரண்டு, படுத்திருக்கிறதே அதற்கு மூன்று. படத்தை நம்பாதே, அச்சில் போட்ட எண்ணைப் பார் என்று இருபத்திரண்டு வருஷமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிறேன். இந்த வருஷம் விடைப்பட்டியலில் நானே இடது என்று எழுதி வைத்திருக்கிறேன்.

எப்படி என்றால், விடைகளைச் சரிபார்ப்பது இத்தனை வருஷமும் அப்பா பார்த்த வேலை. நான் கேள்வித்தாளை மட்டும் கொடுப்பேன், விடையைக் காட்ட மாட்டேன், அவர் காலைக் காபியோடு உட்கார்ந்து பச்சைப் பேனாவால் எல்லாவற்றையும் போட்டு முடிப்பார். பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒத்துப்போனால் டீச்சரம்மா பாஸ் என்பார். ஒத்துப்போகாவிட்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வரும். இந்த வருஷம் என் தாள் மட்டும்தான் இருந்தது. ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

எழுபத்திரண்டு பேரில் நாலு பேர்தான் வலது என்று எழுதியிருந்தார்கள். அதில் மூன்று பேருக்கு இந்த ஒரு மார்க் போனதால் இடம் கிடைப்பதில் எந்த மாற்றமும் இல்லை. நாலாவது, கடைத்தெரு தையல்காரரின் மகள், ஒரு மார்க்கில் முப்பத்தொன்றாவதாக நின்றுவிட்டாள். பட்டியல் ஒட்டிய அன்றே அந்தப் பெண் தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். ஏழாவது கேள்வியில் விரலை வைத்து, டீச்சர் இது ஒருதடவ பாக்கறீங்களா என்றாள். நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை குட்டிமா. மறுபடி அளவ நல்லாப் பாரும்மா என்று அவளுக்கே பாடம் சொன்னேன். சரி டீச்சர் என்று போய்விட்டாள். பத்து நாள் கழித்து வேறு வகுப்பில் அதே கணக்கைப் பலகையில் போடும்போது எனக்கு மூன்று வந்தது. சாக்பீஸை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்போதும் எனக்குப் படபடப்பு வரவில்லை, ஓகோ, தப்பு என்று நினைத்தேன், அவ்வளவுதான். அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

தலைமையாசிரியரிடம் சொன்னேன். நீங்க இருக்கற நிலைமையில இதெல்லாம் சகஜம் மேடம், அப்படியே விட்டுடலாம், யாரும் கேக்கப்போறதில்ல என்றார். முடியாது என்று உட்கார்ந்தேன், கடைசியில் சேர்ந்தவர்கள் யாரையும் நீக்காமல் அவளுக்கு முப்பத்தொன்றாவது நாற்காலி போடச் சம்மதித்தார். அன்று சாயங்காலமே தையல் கடைக்குப் போனேன். அவர் கழுத்தில் டேப்போடு எழுந்து நின்றார். தப்பு என்னுடையது என்றேன். பாப்பா அன்னிக்கு ராத்திரி நாலஞ்சு தடவ போட்டுப் பாத்துச்சு டீச்சர், ஒவ்வொரு தடவையும் மூணுதான் வந்துச்சு, அப்புறம் டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும், எனக்குத்தான் கணக்கு வராதுன்னு நோட்ட மூடி வெச்சிருச்சு என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டீ வாங்கிக் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமையிலிருந்து அவள் என் வகுப்புக்கு வருகிறாள். முன்பெல்லாம் நான் கேட்டு முடிப்பதற்குள் கை தூக்குகிறவள். இப்போது விடை தெரிந்தாலும் தூக்குவதில்லை, பக்கத்துப் பெண் என்ன எழுதுகிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறாள். அது என் கைவேலை. வகுப்பில் எல்லோர் முன்னாலும் அவள் போட்டதுதான் சரி, நான் போட்டது தப்பு என்று சொன்னேன். அதற்கும் சரி டீச்சர் என்றாள்.

அடுத்த மாதப் பரீட்சைத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். தலைமையாசிரியர் இன்னொரு கணக்கு வாத்தியாரைப் பார்க்கச் சொல்கிறேன் என்றார், அந்தப் பையன் என்னிடம் படித்தவன், தப்பிருந்தாலும் வாயைத் திறக்க மாட்டான். நீ போட்டுப் பார். உனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம் என்று எனக்குத் தெரியாதா, பத்தாம் வகுப்புக் கணக்குதானே, மாப்பிள்ளையையும் கூட வைத்துக்கொள். என் விடைகளை அனுப்பவில்லை.

நைட் டியூட்டி முடிந்து வந்ததும் வெறும் வயிற்றில் படுக்காதே, உன் முதுகுவலிக்கு அந்தத் தைலத்தை மாப்பிள்ளையைத் தேய்க்கச் சொல். இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வருஷம் சேர்ந்து இருக்க வேண்டும், சேர்ந்து என்பதைத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். தாளைத் திருப்பி அனுப்பும்போது அம்மா பாவம் என்று பார்க்காதே. அப்பா போனதிலிருந்து நான் எது சொன்னாலும் எல்லோரும் சரி என்கிறார்கள். நீயாவது தப்பு என்றால் தப்பு என்று சொல்.

உன் அம்மா